நகராட்சி ஏடுகளில் நம் முன்னோர்

ஒரு நாட்டின் வரலாறு என்றதும் ஆளுநர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், மக்கள் அன்றாடம் வாழ்ந்த வாழ்வின் வரலாறு உள்ளாட்சி மன்றங்களின் ஏடுகளில்தான் பெரிதும் உறைந்து கிடக்கிறது. எத்தெருவுக்கு எந்த ஆண்டில் குடிநீர்க் குழாய் வந்தது, எவ்வீட்டுக்கு வரி எவ்வளவு, எவர் எந்த இடுகாட்டில் துயில்கிறார் என்பன போன்ற செய்திகளைப் பேரரசின் வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை.

சிங்கப்பூரில் 1848ஆம் ஆண்டில் நகராட்சிக் குழு அமைந்தது. 1887ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அதன் ஆட்சிமுறையைத் திருத்தியமைத்தது. 1951 செப்டம்பர் 22ஆம் நாள் சிங்கப்பூர் மாநகர்த் தகுதி பெற்றது. 1959இல் தன்னாட்சி மலர்ந்தபின் மாநகர மன்றத்தின் பணிகள் அரசின் அமைச்சுகளைச் சேர்ந்தன. மன்றம் மறைந்தது; அதன் ஏடுகள் எஞ்சின. கூட்டக் குறிப்புகள், ஆண்டறிக்கைகள், கட்டட வரைபடங்கள், இடுகாட்டுப் பதிவேடுகள் எனப் பல்வகைப்பட்ட அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகம் பேணி வருகிறது. அக்காப்பகம் 2012 முதல் தேசிய நூலக வாரியத்தின் ஓர் அங்கமாகும்.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் தாளுக்குப் பகை. அக்காலத்து இரும்பு மையோ, எழுதிய தாளையே நாளடைவில் அரிக்கவல்லது. எனவேதான் ஏடுகளை முதலில் நுண்படச் சுருள்களிலும், பின்னர் மின்னிலக்க வடிவிலும் படியெடுத்தனர். மூல ஏடு கைபடாமல் ஓய்வு கொள்ள, அதன் நிழல் உலகெங்கும் உலவுகிறது.

இதன் பயனுக்குப் புக்கிட் பிரவுன் தக்க சான்று. நகராட்சி 1922இல் திறந்த அச்சீனர் இடுகாட்டின் ஊடே சாலை அமையும் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 கல்லறைகளைத் தோண்ட வேண்டிய நிலை. அப்போது தம் பாட்டன் பூட்டனின் கல்லறை எண்ணைத் தேடியோர்க்குக் கைகொடுத்தவை, மின்னிலக்கமாக்கப்பட்ட பழைய பதிவேடுகளே. என்றோ ஓர் எழுத்தர் கடமைக்காக எழுதிய ஒரு வரி, ஒரு குடும்பத்தை அதன் வேரோடு மீண்டும் பிணைத்தது.

இவ்வாய்ப்பு நமக்கும் உண்டா? நகராட்சிக்காகச் சாலை போட்டவர்களிலும் சாக்கடை துப்புரவு செய்தவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர். மருத்துவர் வீராசாமியின் பெயரைத் தேக்கா வட்டாரத்துச் சாலை ஒன்று தாங்கி நிற்கிறது. சாலைக்குக் கல் சுமந்தவர்க்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவர்தம் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்குமாயின், அது இத்தகைய ஏடுகளிலேயே இருத்தல் கூடும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. அச்செழுத்தை எளிதில் படிக்கும் கணினி, பழைய கையெழுத்தின் முன் தடுமாறுகிறது. அன்றியும், நம் பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர்கள் ஒரு முறையைப் பின்பற்றவில்லை. 'முத்து' என்னும் பெயரை ஒருவர் 'யு' என்னும் எழுத்தால் எழுதினார். இன்னொருவர் 'ஓ' எழுத்தை இரட்டித்து எழுதினார். 'இராமசாமி' ஓரிடத்தில் 'ஐ'யில் முடியும். மற்றோரிடத்தில் 'ஒய்'யில் முடியும். தந்தையின் பெயரே குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டு, மகன் வேறு வரிசையில் மறைந்துபோதலும் உண்டு. ஆகவே, தேடுபவர் ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுத்துவிட்டு, 'இல்லை' என்ற விடையோடு திரும்புவார். ஏடு இருந்தும் ஆள் இல்லாதவர் ஆகிறார்.

எனவே, படமெடுத்தல் பணியின் பாதியே. பொருளடைவு அமைத்தலே மறுபாதி. ஒரே பெயரின் பல வடிவங்களை ஒன்றிணைத்துக் காட்டத் தமிழறிந்தோர் வேண்டும். பழைய கையெழுத்து ஆவணங்களைப் பொதுமக்களே படித்தெழுதும் திட்டத்தை ஆவணக் காப்பகம் 2015இல் தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கி நாட்டுக்கு வழங்கிய பெருமை நம் சமூகத்துக்கு உண்டு. எழுதியோரின் நூல்களைக் காத்த நாம், எழுத்தறியாதோரின் பெயர்களையும் காத்தல் கடன் அன்றோ?

பெயர்களையும் ஊர்களையும் உறவுகளையும் கேட்டமாத்திரத்தில் இனங்காணும் முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் அறிவும் இளையோரின் கணினித் திறனும் ஒரே மேசையில் அமர வேண்டும். தாள் அழிவதற்குள் படமெடுத்துவிட்டோம். நினைவு அழிவதற்குள் அடைவு எழுதுவோமாக!