விலை அறியாத இரவு

1988இல் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தேர்தல் முடிவின்மேல் பணம் கட்டும் சந்தையொன்றைத் தொடங்கினர். பலரது அறிதலும் விலையில் திரள்வதால் அது கருத்துக்கணிப்பினும் துல்லியமானது என்பது அவர்தம் வாதம். நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆயினும் ராஜஸ்தானத்துப் பலோடிச் சூதாட்டச் சந்தை தேர்தல்தோறும் விலை கூறுகிறது. நாளேடுகளும் கூசாமல் அச்சிடுகின்றன.

அவ்வாதத்தை 1991இல் வைத்துப் பார்க்கலாம். மே 20இல் மக்களவைத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு. மறுநாளிரவு, இராமானுசர் பிறந்த ஊரும், இன்று ஒரகடம்வரை கார்த் தொழிற்சாலைகள் நீளும் தடத்தின் தலைவாயிலுமான திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எஞ்சிய வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று. தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்கு 225, தி.மு.க.வுக்கு இரண்டே.

கூட்டணிக் கணக்கால் அந்த அணி எப்படியும் முந்தியிருக்கலாம். ஆனால் அவ்விரவில் நிகழவிருந்ததை முன்னரே அறிந்தவர் சதிகாரர் சிலரே. விலை எல்லோரது அறிதலையும் திரட்டுமெனில், அவர்களது அறிதலும் அங்கே காசாகியிருக்கும். துல்லியத்தைப் புகழ்வோர் இதை ஏனோ பேசுவதில்லை. 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மேற்காசிய அரசியல் நிகழ்வுகளுக்கு இத்தகைய சந்தை அமைக்க முனைந்தபோது, கொலைக்கும் பந்தயமா என்று செனட்டர்கள் கொதித்தெழுந்தனர். அத்திட்டம் உடனே கைவிடப்பட்டது.