வின்ஸ்டன் சர்ச்சில்: போர்ச் செய்தியாளர் வாழ்க்கை (1895–1900)

வின்ஸ்டன் லெனார்ட் ஸ்பென்சர் சர்ச்சில் (30 நவம்பர் 1874 – 24 ஜனவரி 1965) பிரிட்டனின் பிரதமராக இருமுறை பதவி வகித்தவர். நாடாளுமன்றத்துக்குள் நுழையும் முன், கியூபா, இந்தியாவின் வடமேற்கு எல்லை, சூடான், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு போர்க்களங்களிலிருந்து இதழ்களுக்கு எழுதினார். 1899 நவம்பரில் நேட்டாலில், தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் படையிடம் பிடிபட்டு, பிரிட்டோரியாவில் சிறைவைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பினார். அந்தத் தப்பிப்புதான் அவர் பெயரை உலகறியச் செய்தது. ஆனால் அவருடைய எழுத்துக்கு அடித்தளம் விழுந்த இடம் பெங்களூர்.

முதல் மடல்கள்

1895 பிப்ரவரியில் சர்ச்சில் நான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் அதிகாரியானார். அதே ஆண்டு நவம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு, நண்பர் ரெஜினால்ட் பார்ன்ஸுடன் கியூபாவுக்குச் சென்றார். அங்கே கிளர்ச்சியாளர்களை ஒடுக்கிக்கொண்டிருந்த ஸ்பானியப் படையோடு பயணம் செய்து, லண்டன் ‘டெய்லி கிராஃபிக்’ இதழுக்கு ஐந்து மடல்கள் அனுப்பினார். மடலுக்கு ஐந்து கினி கூலி. அவருடைய தந்தை ராண்டால்ஃப் சர்ச்சிலும் 1891இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இதே இதழுக்கு எழுதியவர்.

பெங்களூர்

1896 அக்டோபரில் அவருடைய படைப்பிரிவு பம்பாயில் இறங்கியது. சசூன் துறையின் படிக்கட்டில் இரும்பு வளையத்தைப் பற்றியபோது படகு விலகி, அவருடைய வலது தோள் இடம் பிசகியது. அந்தக் குறை வாழ்நாள் முழுதும் நீடித்தது. பூனாவில் தங்கிவிட்டுப் படை பெங்களூர் வந்து சேர்ந்தது.

அன்றைய பெங்களூர் இரண்டு ஊர்கள். பேட்டையும் கோட்டையும் மைசூர் அரசருடையவை. தண்டு என்று வழங்கிய கண்டோன்மென்ட் பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆட்சியில் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்த பிறகு, 1809இல் இங்கே படைமுகாம் அமைக்கப்பட்டது. அதைக் கட்டி எழுப்பவும், அதற்குச் சரக்கு கொடுக்கவும், அதில் வேலை பார்க்கவும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் வந்து குடியேறினார்கள். அல்சூரும் அதைச் சூழ்ந்த தெருக்களும் அப்படி வளர்ந்தவை. சர்ச்சிலின் பெங்களூர் என்பது இந்தத் தண்டுதான். பேட்டையைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு.

பார்ன்ஸ், ஹியூகோ பேரிங் ஆகியோருடன் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தார். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சுண்ணம் பூசிய கட்டடம், இரண்டு ஏக்கர் தோட்டம், ரோஜாச் செடிகள். தனித்தனியே பட்லரும் உடை எடுத்துக் கொடுக்கும் பையனும் குதிரைக்காரரும் இருக்க, மூவருக்கும் பொதுவாக இரண்டு தோட்டக்காரர்கள், மூன்று தண்ணீர்க்காரர்கள், நான்கு சலவைக்காரர்கள், ஒரு காவல்காரர் இருந்ததாக தாய்க்கு எழுதிய மடலில் அவரே பட்டியலிடுகிறார். விடியற்காலை அணிவகுப்பு, மாலையில் போலோ. நடுவே நீண்ட பகல் முழுதும் அவர் கையில் இருந்தது. அந்தப் பகலை வாங்கிக் கொடுத்தது இந்த ஏவலர்களின் உழைப்பு என்பதைச் சொல்லாமல் அவருடைய படிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

பல்கலைக்கழகம் போகாத குறை அவரை உறுத்தியது. தாய் ஜென்னி லண்டனிலிருந்து புத்தகப் பெட்டிகளை அனுப்பினார். முதலில் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாறு, அடுத்து மெக்காலேயின் வரலாறும் கட்டுரைகளும், பிறகு பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஆடம் ஸ்மித், மால்தஸ், டார்வின். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் படித்தார். ‘ஆண்டுப் பதிவேடு’ தொகுதிகளில் பழைய நாடாளுமன்ற விவாதங்களை எடுத்துக்கொண்டு, தாம் அங்கே இருந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று ஓரத்தில் எழுதிப் பழகினார். கிப்பனின் நீண்ட வாக்கியக் கட்டும் மெக்காலேயின் அடிக்கும் சொல்லும் அவருடைய போர் மடல்களில் அப்படியே கேட்கின்றன. அவருடைய ஒரே நாவலான ‘சவ்ரோலா’வும் பெரும்பாலும் இங்கே உருவானது.

ரெசிடென்சி சாலையில் உள்ள பெங்களூர் கிளப் அன்று யுனைடெட் சர்வீசஸ் கிளப். அதன் 1899 ஜூன் 1 நாளிட்ட குறிப்பேட்டில், வசூலிக்க முடியாத பாக்கிகளின் வரிசையில் லெப்டினன்ட் சர்ச்சில் பெயரில் 13 ரூபாய் இருக்கிறது. பெங்களூர்வாசிகள் அவரைப் பற்றிச் சொல்லும் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

மலாக்கண்ட்

1897 கோடையில் விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தபோது வடமேற்கு எல்லையில் பட்டாணியர் எழுச்சி வெடித்தது. படைத்தலைவர் பிண்டன் பிளட் தம் அலுவலர் குழுவில் இடமில்லை என்றும், செய்தியாளராக வரலாம் என்றும் எழுதினார். அவர் இந்தியா திரும்பி எல்லைக்குப் புறப்பட்டார். பெங்களூரிலிருந்து நௌஷெரா ரயில் நிலையம் 2028 மைல். ஐந்து நாள் ரயில் பயணம். அலகாபாத் ‘பயனீர்’ இதழுக்குத் தந்திச் செய்தியும், லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ இதழுக்கு மடல்களும் அனுப்பினார். டெலிகிராஃப் பத்திக்கு ஐந்து பவுண்டு கொடுத்து, ‘ஓர் இளம் அதிகாரி’ என்ற அடையாளத்தோடு மட்டும் வெளியிட்டது.

செப்டம்பர் 16 அன்று மாமுந்துப் பள்ளத்தாக்கில் அவர் பேனாவோடு நிற்கவில்லை. துப்பாக்கி எடுத்துச் சுட்டார். அதற்குப் பிறகு படை ஊர் ஊராகச் சென்று வீடுகளை இடித்தது, கிணறுகளைத் தூர்த்தது, பயிரை அழித்தது. இவற்றை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார், ஆனால் கண்டித்து எழுதவில்லை. பெங்களூர் திரும்பிச் சில வாரங்களில் எழுதி முடித்த ‘மலாக்கண்ட் களப்படையின் கதை’ 1898 மார்ச்சில் வெளிவந்தது. மெய்ப்புப் பார்த்தவர் இங்கிலாந்திலிருந்த பெரியப்பா முறை உறவினர் மோர்டன் ஃபிரூவன். அதில் பிழைகள் மலிந்திருந்தன.

சூடான்

1898 செப்டம்பர் 2 அன்று ஆம்துர்மான் போரில் 21ஆம் லான்சர் படையோடு குதிரைத் தாக்குதலில் கலந்துகொண்டு, ‘மார்னிங் போஸ்ட்’ இதழுக்கு எழுதினார். காயம்பட்ட எதிரிகள் நடத்தப்பட்ட விதத்தையும் சூடானியரின் சமயத் தலைவர் மஹ்தியின் கல்லறை சிதைக்கப்பட்டதையும் ‘நதிப் போர்’ நூலில் கண்டித்தார். படையில் இருப்பவர் செய்தி எழுதக் கூடாது, எழுதுபவர் படையில் சேரக் கூடாது என்று போர்த்துறை இதன் பிறகு விதி செய்தது. 1899இல் அவர் படையிலிருந்து விலகினார்.

பிடிபடுதல்

போயர் போர் 1899 அக்டோபர் 11 அன்று தொடங்கியது. மார்னிங் போஸ்ட் மாதம் 250 பவுண்டு பேசி அனுப்பியது. அவர் நேட்டால் சேர்ந்தபோது லேடிஸ்மித் முற்றுகையில் இருந்தது. நவம்பர் 15 காலை, இந்தியாவிலேயே பழகிய கேப்டன் ஹால்டேன் தலைமையில் எஸ்ட்கோர்ட்டிலிருந்து சீவ்லி நோக்கிச் சென்ற கவச ரயிலில் ஏறினார். திரும்பும் வழியில் போயர்கள் தண்டவாளத்தில் கல் போட்டுப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். குண்டு மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பாதையைச் சரிசெய்யும் வேலையை சர்ச்சில் முன்னின்று நடத்தினார். இன்ஜின் காயம்பட்டவர்களோடு தப்பியது. மற்றவர்களைத் தேடித் திரும்பி நடந்த அவர் ஒரு குதிரைவீரரிடம் சிக்கினார். மாவ்சர் கைத்துப்பாக்கி இன்ஜினிலேயே தங்கிவிட்டது. பையில் அதன் தோட்டாக் கட்டுகள் இருந்தன. ஒரு கட்டை யாரும் அறியாமல் கீழே நழுவவிட்டார். மற்றொன்று காவலரின் கண்ணில் பட்டது.

பிரிட்டோரியாவில் அரசு மாதிரிப் பள்ளிக் கட்டடத்தில் அதிகாரிகளோடு அடைக்கப்பட்டார். தாம் ஆயுதமில்லாத செய்தியாளர், விடுவிக்க வேண்டும் என்று போயர் குடியரசான டிரான்ஸ்வாலின் போர்ச் செயலருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். போயர் படைத்தலைவர் ஜோபேர் மறுத்தார். ரயிலை மீட்டதில் சர்ச்சிலின் பங்கை நேட்டால் இதழ்களே பாராட்டி எழுதியிருந்தன. ஆகவே அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. 1899 ஹேக் விதிகளின்படி, படையோடு செல்லும் செய்தியாளர் பிடிபட்டால் போர்க்கைதிக்கு உரிய மரியாதைதான் அவருக்கு உண்டு. போயர் குடியரசுகள் அந்த மாநாட்டுக்கு அழைக்கப்படவே இல்லை. எனினும் அந்த மரியாதையை அவருக்கு அளித்தார்கள்.

டிசம்பர் 12 இரவு கழிப்பறை அருகே மதிலேறிக் குதித்தார். உடன் வர இருந்த ஹால்டேனும் சார்ஜென்ட் மேஜர் பிராக்கியும் காவலரைக் கடந்து ஏற முடியவில்லை. தோட்டத்தில் ஒளிந்து காத்திருந்துவிட்டு சர்ச்சில் தனியே கிளம்பினார். சரக்கு ரயிலில் தாவி ஏறி, விட்பேங்க் அருகே நிலக்கரிச் சுரங்க மேலாளர் ஜான் ஹோவர்டின் உதவியால் சுரங்கத்துக்குள் மறைந்திருந்தார். பிறகு கம்பளி மூட்டைகளுக்கு இடையே ஒளிந்து போர்ச்சுகீசியர் வசமிருந்த லூரென்சோ மார்க்கெஸ் அடைந்து, டிசம்பர் 23 அன்று டர்பன் துறையில் இறங்கினார். அவர் தலைக்கு வைக்கப்பட்ட விலை 25 பவுண்டு. தோழர்களைக் கைவிட்டார் என்று எழுதிய ‘பிளாக்வுட்’ இதழ்மீது 1912இல் வழக்குத் தொடுத்து வென்றார்.

ஸ்பியன் கோப்

பிரிட்டிஷ் படைத்தலைவர் புல்லர் போர்த்துறையின் விதியைத் தளர்த்தி, ஊதியமின்றிப் படையில் சேர்த்துக்கொண்டு எழுதவும் விட்டார். 1900 ஜனவரி 24 அன்று ஸ்பியன் கோப் மலையில் சர்ச்சில் செய்தி சுமந்து ஏறி இறங்கினார். அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்து பல மைல் நடந்தவர்கள் காந்தி திரட்டிய இந்திய மருத்துவத் துணைப்படையினர். அப்படையில் ஏறக்குறைய 1100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பலோடு தொடங்கிய நேட்டால் குடியேற்றத்தில் போன தமிழரும் தெலுங்கரும் அவர்களில் ஏராளம். செய்தியாளரின் 27 நாள் சிறைக்கு நூல்கள் பல உண்டு. தூளி சுமந்த இவர்களுக்கும் அவற்றில் உரிய இடம் வேண்டும்.

பிந்தைய நிலை

1900 அக்டோபரில் ஓல்டம் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1953இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார். இந்தியர் நினைவில் அவர் பெயர் 1943 வங்கப் பஞ்சத்தோடு சேர்ந்தே நிற்கிறது. செய்தியாளர் நிலையைப் பொறுத்தவரை, ஹேக் விதிகளுக்குப் பின் வந்த ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை செய்தியாளரைக் குடிமக்களாகக் கருதுகிறது. போரில் பங்கெடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை.