வடலூரும் பேகிச்செவ்காவும்

வள்ளலார் என்று வழங்கப்படும் இராமலிங்க அடிகள் பிறந்தது 1823இல், லியோ டால்ஸ்டாய் 1828இல். ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் இருவரும் பிறந்த சமயத்தின் கெட்டிப்பட்ட கொள்கைகளை விட்டு வெளியே வந்தார்கள். இருவரும் புலாலை மறுத்தார்கள். கடைசியில் இருவரும் பசித்தவர்களுக்குச் சோறு போடும் இடத்தில் வந்து நின்றார்கள். வள்ளலாருக்கு அங்கே நிறைவு கிடைத்தது. டால்ஸ்டாய்க்கு மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

வள்ளலார் சைவத்தில் ஊறி வளர்ந்தவர். சிறுவயதிலேயே சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர். 1873இல் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றி ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கே முன்பு சைவத்தின்மேல் இருந்த பற்றை எடுத்துக்காட்டி, சமயப் பிடிப்பை விட்டுவிடும்படி அன்பர்களைக் கேட்டுக்கொண்டார். டால்ஸ்டாய் வந்த வழி வேறு. ஐம்பதை ஒட்டிய வயதில், புகழ், நிலம், குடும்பம் எல்லாம் இருந்தும் எதற்காக வாழ்கிறோம் என்று தெரியாமல் தவித்தார். நோன்பிருந்தார், தேவாலயத்துக்குப் போனார், ஆறுதல் கிடைக்கவில்லை. பிறகு நற்செய்தி நூல்களிலுள்ள அற்புதங்களை ஒதுக்கிவிட்டு, அன்பைப் பற்றிய போதனையை மட்டும் எடுத்துக்கொண்டார். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கிவைத்தது. 1908இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளின் இன்னாசெய்யாமைக் கருத்துகளை எடுத்தாண்டவரும் அவர்தான்.

பசித்தவர்களுக்குச் சோறிட வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலை 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கியது. நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஐந்தாண்டு கழித்துப் பக்கத்திலேயே அவருடைய வழிபாட்டிடமான சத்திய ஞான சபை எழுந்தது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே சபைக்குள் வரலாம் என்பது விதி. தருமச்சாலையில் பந்திக்கு வருகிறவனிடம் அப்படி எதுவும் கேட்பதில்லை. புலால் உண்பவனானாலும் பசி என்று வந்தால் சோறு உண்டு. தம் கொள்கையில் அத்தனை உறுதியாக இருந்தவர், அந்தக் கொள்கையை இலைக்குக் குறுக்கே வைக்கவில்லை. வள்ளலாரைப் பற்றி எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ பசியை ஒரு மருத்துவரைப் போலக் கூர்ந்து பார்க்கிறது. கண், காது, நெஞ்சு, வயிறு, அறிவு என ஒவ்வொன்றும் எப்படித் தளர்கிறது, ஆகாரம் உள்ளே போனதும் எப்படித் துளிர்க்கிறது என்று வரிசையாகச் சொல்கிறது. உண்டவர் முகத்தில் தோன்றும் தெளிவையே கடவுள் விளக்கமாகவும், அந்தத் திருப்தியையே கடவுள் இன்பமாகவும் அவர் காண்கிறார். முன்வினைப் பயனாகத்தானே பசிக்கிறார்கள், நாம் குறுக்கிடலாமா என்ற கேள்வியையும் அவர் தவிர்க்கவில்லை. காலில் விலங்கிட்டுச் சிறையில் வைத்த குற்றவாளிக்கும் அரசன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கிறானே என்று பதில் சொல்கிறார். வினைக்கோட்பாட்டை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காகச் சொல்லிக் கையை மடக்கிக்கொள்ள விடவில்லை.

டால்ஸ்டாய்க்குக் கொடுப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1881 டிசம்பரில் மாஸ்கோவின் லியாப்பின் இலவச விடுதி வாசலில், குளிரில் நடுங்கி நின்றவர்களுக்குச் சூடான பானம் வாங்கிக் கொடுத்தார், காசும் கொடுத்தார். கூட்டம் முண்டியடித்தது. வீடு திரும்பி, வெள்ளைக் கையுறை அணிந்த பணியாட்கள் பரிமாற ஐந்து வகை விருந்துக்கு உட்கார்ந்தபோது, அவர்கள் அப்படிப் பசியிலும் குளிரிலும் கிடப்பது ஒரு குற்றம், தாமும் அதில் பங்காளி என்று உணர்ந்தார். அந்த உணர்வு பின்பு அவரை விடவில்லை.

1891இல் பெரும் பஞ்சம் வந்தது. அறக்கொடையால் பயனில்லை என்று எழுதிக்கொண்டிருந்தவர், மகள்களோடு ரியாசான் மாகாணத்துப் பேகிச்செவ்காவுக்குப் போனார். ஏழை உழவர்களின் குடிசைகளிலேயே உணவுக்கூடங்கள் திறக்கப்பட்டன. முட்டைக்கோசு சூப்பு, உருளைக்கிழங்கு, ரொட்டி என்று உழவர்கள் வழக்கமாக உண்பதே அங்கும் உணவு. அவர் மனைவி சோபியா பத்திரிகையில் விடுத்த வேண்டுகோளால் பணம் குவிந்தது. 1892 கோடைக்குள் இருநூற்றுக்கு மேற்பட்ட கூடங்களில் ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். ஆனால் உழவரிடமிருந்து பறித்ததில் சிந்தியதைத்தான் அவருக்கே பங்கிடுகிறோம் என்ற கசப்பு டால்ஸ்டாயின் கடிதங்களில் தொடர்ந்து வருகிறது.

கொடுக்கிற கையை டால்ஸ்டாய் விடாமல் விசாரித்தார். வள்ளலார் உண்கிறவர் முகத்தைப் பார்த்தார். இருவரின் நிறைவு வேறுபட்டதற்கு இதையே காரணமாகக் கொள்கிறேன். திருச்சபையின் பிடியிலிருந்து விடுபட்ட டால்ஸ்டாய், தாமே வகுத்த கடுமையான நெறியின் முன் நாள்தோறும் குற்றவாளியாக நின்றார். மதம் போன பிறகும் மனிதனுக்குள் இப்படியொரு விடாப்பிடி தங்கிவிடுவது உண்டு. அதற்காக அவருடைய விசாரணையை நாம் தள்ளிவிட முடியாது. நிலம் யாரிடம் இருக்கிறது, வரியை யார் கட்டுகிறார்கள், உழுதவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்ற கேள்விகளை டால்ஸ்டாய் அளவுக்கு வள்ளலார் எழுப்பவில்லை. அவர் மறைந்து இரண்டே ஆண்டில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876-78 பஞ்சத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விகள் தேவைப்படுகின்றன.

இருந்தாலும் எழுத்தை மட்டும் வைத்து டால்ஸ்டாயை எடைபோடக் கூடாது. 1898இல் தூலா மாகாணத்தில் மறுபடி விளைச்சல் பொய்த்தது. அறக்கொடையைப் பற்றிய கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எழுபதை எட்டும் வயதில் மறுபடியும் போய் உணவுக்கூடங்களைத் திறந்தார்.