தோண்டாத மண்ணுக்கு ஒரு விலை

திருமழிசையில் துணைநகரம் அமைக்கப்படும் என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டத்துக்காக ஒருவரது நிலத்தை அரசு எடுத்துக்கொண்டால், 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சந்தை மதிப்போடு அதற்கு இணையான ஆறுதல் தொகையையும் வழங்கச் சொல்கிறது. அதே ஊரின் விவசாயி, செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் வரும் வழியில் உள்ள தன் பட்டா நிலத்தைத் தோண்டவிடாமல் காத்தால் அவருக்குக் கிடைப்பது ஏதுமில்லை. அந்த ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் நீரைக் குடிப்பது சென்னை மாநகரம்.

செங்கல் சூளைக்கும், தாழ்வான மனைகளை மேடாக்குவதற்கும் மண் தேவைப்படுகிறது. ஒரு ஏக்கரில் மூன்றடி ஆழம் தோண்டினால் சுமார் 1,300 யூனிட் மண் கிடைக்கும் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). லாரிக்கு மூன்று யூனிட் என்றாலும் நானூறு நடைக்கு மேல். விளைச்சல் கைகொடுக்காத ஆண்டில் இந்த வருமானத்தை மறுக்க ஒரு குடும்பத்துக்குப் பெரும் மனவுறுதி வேண்டும். பள்ளமான நிலத்தில் வளமான மேல்மண் இல்லை. மழைநீர் வழக்கமான ஓடைக்குப் போகாமல் குழியிலேயே தேங்குகிறது.

சட்டம் காக்குமே என்று சொல்லலாம். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் நெல்வயல்களையும், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. ஏரிகளால் ஆன தொண்டை மண்டலத்துக்கு இதைவிடப் பொருந்தாத வரையறையைக் காண்பது அரிது.

அயர்லாந்தில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. அங்குள்ள சதுப்புகளில் பன்னெடுங்காலம் மட்கிய தாவரங்களால் ஆன 'பீட்' மண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பது கிராமக் குடும்பங்களின் பரம்பரை உரிமை. ஐரோப்பிய வாழிட நெறிமுறையின்கீழ் காக்கப்பட்ட சதுப்புகளில் வெட்டுவதை நிறுத்த, 2011-இல் அந்நாட்டு அரசு இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. உரிமையை விட்டுக்கொடுப்பவருக்கு ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 ஆண்டுகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கூடுதலாக ஒருமுறை 500 யூரோ. பணம் வேண்டாதவர் பாதுகாக்கப்படாத வேறொரு சதுப்புக்கு மாறிக்கொள்ளலாம். ஆயினும் எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. முதலில் தடை பற்றிய பேச்சு, பிறகுதான் பணம் என்ற வரிசையே அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. கண்காணிப்பும் தளர்ந்ததால், பீட் நிலங்களைக் காக்கத் தவறியதாக 2024-இல் அயர்லாந்தின்மீது ஐரோப்பிய நீதிமன்றத்தை நாட ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது. பணம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் நிரப்பத் தடை விதித்து 2008-இல் சட்டம் இயற்றிய கேரளம், 2020-இல் வயல் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியது. பின்னர் அது 3,000 ஆயிற்று. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 1,200 ரூபாய். மனை விலையோடு ஒப்பிடவே முடியாத சிறுதொகை. என்றாலும், வயல் நீரைத் தேக்கி ஊருக்குச் செய்யும் பணிக்கு விலை உண்டு என்பதை ஓர் அரசு ஏட்டில் எழுதிவிட்டது. தரிசு போட்டவரும் தாமாகவோ பிறர் மூலமோ பயிரிட முன்வந்தால் இத்தொகையைப் பெறலாம்.

தமிழ்நாட்டில் ஒரு சட்டக் கேள்வி எழும். 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி பட்டா நிலத்து மண்ணையும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். அனுமதியே அரசின் கையில் இருக்கும்போது இழப்பீடு எதற்கு? நீதிமன்றத்தில் இந்த வாதம் வெல்லக்கூடும். பொருளியல் வேறு விதமாகப் பார்க்கிறது: தடையின் பலன் இலட்சக்கணக்கான நகரவாசிகளுக்கு, செலவு சில நூறு விவசாயிகளுக்கு என்றால், அந்தத் தடையை மீறுவதற்கான தூண்டுதல் நாள்தோறும் வளரும். எனவே தொகை தொடக்கத்திலேயே வர வேண்டும். ஆண்டுதோறும், நேரடி ஆய்வுக்குப் பின் தரப்பட வேண்டும். ஆக்கிரமித்தவருக்கும், அறிவிப்புக்குப் பின் நிலம் வாங்கியவருக்கும் ஒரு ரூபாயும் கூடாது.

நிதிக்கு, 2015 சட்டத் திருத்தத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இருக்கின்றன. தோண்டிய இடங்களுக்காக ஏற்பட்ட அந்நிதியின் ஒரு பகுதியைத் தோண்டாமல் காப்பதற்கும் ஒதுக்கும்படி மாநில விதிகளைத் திருத்தலாம். தொகையைப் பட்டாதாரருக்கு மட்டும் அனுப்பினால் குத்தகைக்கு உழுபவர் விடுபட்டுப்போவார். யார் பயிரிடுகிறார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு காட்டும்.