வீட்டில் பயின்ற கணக்கு: மன்றோவின் கணக்கெடுப்பும் எண்சுவடி மரபும்

முன்னுரை

பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குப் பயிற்சி அளிப்பது இன்றைய பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. இது புதிய வழக்கமன்று. சென்னையின் பழைய வீட்டுக்கல்வியில் கணக்கு பெற்றிருந்த இடத்தையும், அம்மரபு தளர்ந்ததற்கான காரணம் ஒன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மன்றோவின் ஐயம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப்பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அதன் முடிவுகளைத் தொகுத்த 1826 மார்ச் 10 நாளிட்ட குறிப்பின்படி, சென்னையில் வீட்டில் கற்றோர் 26,963 பேர். இவர்களுள் ஆண்பிள்ளைகள் 26,446, பெண்பிள்ளைகள் 517. இது பள்ளியில் பயின்றோரின் தொகையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலானது என்ற மன்றோ, இத்தொகையில் பிழை இருக்கலாம் என ஐயுற்றார். ஆயினும் உறவினரோ தனியாசிரியரோ வீட்டில் கற்பிக்கும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என ஏற்றார். எனவே தொகை மிகையெனினும் வழக்கம் மெய்யே.

எண்சுவடியும் அடுக்களையும்

அவ்வீடுகளில் கற்பிக்கப்பட்டது யாது என்பதை அத்தொகை கூறாது. அக்காலக் கணக்குக் கல்விக்கு அடிப்படையாக இருந்தது எண்சுவடி. அதன் பொன்னிலக்கம் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னங்களைக் கற்பித்தது. நெல்லிலக்கம் முகத்தலளவைகளைக் கற்பித்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. வாய்விட்டு ஓதி மனப்பாடம் செய்யும் முறையாதலால் ஓலையும் எழுத்தாணியும் இல்லாத நேரத்திலும் இதைப் பயிலலாம்.

திண்ணையில் ஓதிய உழக்கு வீட்டில் அரிசி அளக்கும் கலமாகவும் இருந்தது. ஓதிய வாய்பாட்டைச் சரிபார்க்க அடுக்களையே போதும். வீட்டில் கற்றோருள் பெண்பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. ஆனால் நாள்தோறும் அளந்த பெண்களின் கணக்கறிவு இக்கணக்கெடுப்பின் வரையறைக்குள் வரவில்லை என்பதும் கருதத்தக்கது.

அளவை மாற்றம்

1957 ஏப்ரல் 1இல் நயா பைசா நாணய முறை நடைமுறைக்கு வந்தது. 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்தன. வணிகத்திற்கும் நிருவாகத்திற்கும் இம்மாற்றம் தேவையானதே. ஆயினும் வீசமும் நாழியும் அறிந்த பாட்டி, தசமப் புள்ளியும் லிட்டரும் கற்கும் பேரனுக்குக் கற்பிக்க இயலாதவரானார். அவரது கணக்கறிவு குறையவில்லை. பாடநூலில் அதற்கு இடமில்லாமற்போயிற்று.

முடிவுரை

வீட்டுக்கணக்கின் வலிமை பெற்றோரின் பள்ளிப்படிப்பை மட்டும் சார்ந்ததன்று. வீட்டில் புழங்கும் அளவும் பாடத்தின் அளவும் ஒன்றாயிருந்ததையும் சார்ந்தது. 2021இல் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலரைப் பிள்ளைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. வீட்டில் ஏற்கெனவே உள்ள கணக்கறிவைப் பாடத்துடன் இணைப்பது அதன் மறுபாதியாகும். தேனாம்பேட்டையில் பூக்கட்டி முழக்கணக்கில் விற்கும் தாய்க்கும் கணக்குத் தெரியும். அதைக் கல்வியென ஏற்காதவரை, மன்றோவின் கணக்கெடுப்பில் நேர்ந்த விடுபாடு தொடரும்.