உறங்குவோர் அருகில் ஒரு விளக்கு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்வெட்டு பற்றியோ செப்பேடு பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியது. ஒருவர் உறங்க, அருகே படுத்திருக்கும் மற்றொருவர் அவர் துயில் கலையாமல் நூல் படிப்பது எங்ஙனம்? இவ்வட்டத்துக் கவிஞர் பலரும் இவ்வினாவைத் தத்தம் இல்லத்தில் சந்தித்தவர்களே. பகலை அலுவலுக்கும் மாலையைக் குடும்பத்துக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சிய இரவைத்தான் நாம் இலக்கியத்துக்குத் தந்தோம். அந்த இரவும் நமக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

முதலில் அடங்க வேண்டியிருந்தது ஒளி அன்று; குரல். பண்டு படித்தல் என்றாலே வாய்விட்டுப் படித்தல்தான். நம் மொழியே இதற்குச் சான்று. கற்பதை 'ஓதுதல்' என்றோம். வீணையையும் வாசிக்கிறோம், நூலையும் வாசிக்கிறோம். ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பதும் எழுத்தைப் பார்த்த அளவில் விளங்காது. வீரமாமுனிவர் (1680–1747) சீர்திருத்த முற்பட்டது இக்குழப்பத்தைத்தான். ஆகவே ஏட்டைக் கையில் எடுத்தவர் ஒலித்துப் பார்த்து, யாப்போசையைத் துணையாகக் கொண்டு, இஃது இன்ன சொல் எனத் துணிய வேண்டும். ஆமணக்கெண்ணெய் அகலின் மங்கிய சுடரில் கண் எழுத்தைப் பற்றுமுன் நா சொல்லைப் பற்றிவிடும். சுவடி பிரிக்கப்பட்ட இரவில் அச்சிறு வீட்டில் வேறெவரும் நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மேலை நாட்டிலும் நிலை இதுவே. லத்தீன் கையெழுத்துப் படிகளும் சொற்களைப் பிரிக்காமல் எழுதப்பட்டவை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ், நாவை அசைக்காமல் கண்களை மட்டும் பக்கத்தின்மேல் ஓடவிட்டுப் படிப்பதைக் கண்ட அகுஸ்தீன், அதனைத் தம் 'ஒப்புதல்கள்' நூலில் எழுதிவைத்தார். குரல் கம்மாதிருக்க அவ்வாறு படித்தாரோ, கேட்போர் குறுக்கிட்டு விளக்கம் கேட்பரோ என அஞ்சிப் படித்தாரோ என அவர் காரணமும் தேடுகிறார். மௌன வாசிப்பு அக்காலத்தில் அத்துணை அரிதன்று என மறுக்கும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், 7ஆம் நூற்றாண்டளவில் அயர்லாந்து எழுத்தர்கள் சொற்களுக்கிடையே இடம் விட்டு எழுதத் தொடங்கிய பின்னரே கண்ணுக்கு மட்டும் உரிய வாசிப்பு அங்கே பரவலாயிற்று. நமக்கு அவ்வுதவியைச் செய்தது அச்சு. இந்தியர் அச்சகம் வைத்துக்கொள்ள இருந்த தடை 1835இல் நீங்கிய பின் நூல்கள் பெருகின. புள்ளியும் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் வந்தன. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்துப் பழந்தமிழ் நூல்களை வெளியிட்டபோது யாப்புச் சிதைகிறது என வருந்தியோர் இருந்தனர். எனக்கோ, இரவில் உதடு அசையாமல் சங்கப் பாட்டைப் படிக்க முடிந்தது அப்பதிப்புகளால்தான்.

குரல் அடங்கிய பின்னும் விளக்கு எஞ்சியது. ஐரோப்பாவில் செல்வர் வீட்டுக் கட்டிலைச் சுற்றித் துணித்திரை தொங்கும், உள்ளே மெழுகுவத்தி. படித்தவாறே கண்ணயர்ந்தால் திரை தீப்பற்றும். படுக்கையில் படிப்பது ஆபத்து மட்டுமன்று, ஒழுக்கக் குறைவு என்றும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே கண்டிக்கப்பட்டது. தீயைக் கண்டு அஞ்சினரா, தனிமையைக் கண்டு அஞ்சினரா என்பது எனக்கு ஐயமே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணெண்ணெய் வந்தது. அதன் பின்னே கண்ணாடிக் கூண்டுடன் அரிக்கேன் விளக்கும் வந்தது. என் இளமையை ஆண்ட விளக்கு அது. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து எட்டுப் பேர் உறங்குவோம். என் தந்தையார் தலைமாட்டில் விளக்கை வைத்து, திரியை இறக்கி, பழைய அஞ்சலட்டை ஒன்றைக் கண்ணாடிக்கும் கம்பிக்கும் இடையே செருகுவார். எங்கள் பக்கம் இருட்டு, அவர் பக்கம் வெளிச்சம். வாரத்தில் ஓர் அட்டை பழுப்பேறி விளிம்பு பொரிந்துவிடும். வேறு அட்டை செருகப்படும். உறங்குவோரை முன்னிட்டு ஒளிக்கு எல்லை வகுத்த கருவி என நான் கண்ட முதற்கருவி அந்த அஞ்சலட்டை.

மின்விளக்கு வந்தபோது இந்நிலை மேம்பட்டது எனப் பலர் எண்ணலாம். என் கருத்து வேறு. பைகாராப் புனல் மின்நிலையம் 1932இலும் மேட்டூர் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. பின்னர்ச் சிற்றூர்களுக்கும் கம்பி நீண்டது. ஆனால் அரிக்கேன் விளக்கை அருகே இழுத்துக்கொள்ளலாம், திரியைத் தாழ்த்தலாம். கூரை நடுவே தொங்கும் பல்புக்கு எரிவதும் அணைவதும் தவிர வேறு நிலை இல்லை. எரிந்தால் எல்லோருக்கும் எரியும். ஒற்றை அறை வீட்டில் குடித்தனம் தொடங்கிய எனக்கு இது விரைவில் புரிந்தது. என் துணைவியார் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து தெருக்குழாயில் குடம் வைக்க வேண்டியவர். பத்து மணிக்கு மேல் பல்பு எரியக் கூடாது என்பது சொல்லப்படாத சட்டம். நீல நிற ஜீரோ வாட் பல்பின் கீழ்த் தலைப்பை மட்டும் படிக்கலாம். பாட்டைப் படிக்க இயலாது. எனவே டார்ச் விளக்கு. நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் உலர் மின்கலங்களைக் குழாயில் அடைத்துச் செய்த கைவிளக்குக்கு 1899இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த ஒன்றைப் போர்வைக்குள் பிடித்துக்கொண்டு பல இரவு கழித்தேன். ஒரு கையில் நூல், மறு கையில் விளக்கு. பக்கம் புரட்ட மூன்றாவது கை வேண்டும். அதனால் விளக்கை வாயில் கவ்வுவேன். அந்நிலையில் படித்த கவிதைகளை எள்ளளவும் மறக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. மேலே கூறிய அனைத்திலும் படித்தவர் ஆண், உறங்கியவர் பெண் அல்லது பிள்ளைகள். என் தாயாருக்கு எழுத்துத் தெரியும். அஞ்சலட்டையின் இருட்டுப் பக்கத்தில் அவர் பாய் இருந்தது. இறுதியில் படுத்து முதலில் எழுபவருக்கு இரவு வாசிப்பு ஏது? எண்ணெய் வீணாகிறது என்ற சொல்லும் பெண்கள் படிக்கும்போதுதான் வீட்டில் எழும். 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி, சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் மறைத்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தாமே எழுத்துக் கற்றார். அக்கதையை அவரே தம் தன்வரலாற்றில் எழுதினார். விளக்கு வரலாற்றை எழுதுவோர் அந்த அடுக்களையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி மின்னூல் கருவிக்கு வருவோம். 1998இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ராக்கெட் போன்ற தொடக்கக் கருவிகளின் திரை பின்னிருந்து ஒளிர்வது. இருட்டில் படிக்கலாம், ஆனால் ஒளி கண்ணை நோக்கி வரும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சன் குழுவினர் செய்த ஆய்விலிருந்து 1997இல் தோன்றிய ஈ இங்க் நிறுவனத்தின் 'மின்மை' வேறு வழியில் சென்றது. தலைமயிரின் பருமனே உள்ள நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெண்துகளும் கருந்துகளும். மின்புலத்திற்கேற்ப ஒன்று மேலே வரும், மற்றொன்று கீழே செல்லும். எழுத்து அமைந்த பின் அதை நிலைநிறுத்த மின்சாரம் வேண்டா. 2004இல் சோனி நிறுவனம் ஜப்பானில் லிப்ரியே என்னும் கருவியையும், 2007 நவம்பர் 19 அன்று அமேசான் நிறுவனம் கிண்டிலையும் இம்மையைக் கொண்டு வெளியிட்டன.

தாளைப் போலவே இருந்தது என எல்லோரும் பாராட்டினர். தாளைப் போலவே அதற்கும் விளக்கு வேண்டியிருந்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கருவியை வாங்கியவர் அதன் உச்சியில் கவ்விவிளக்கு மாட்டிப் படித்தார். 2008இல் சோனி ஒரு கருவியின் ஓரத்தில் சிறு விளக்குகளை வைத்தது. ஒளி சீராகப் பரவவில்லை என்ற குறை எழுந்தது. 2010இல் அமேசான் விற்ற உறை ஒன்றில் இழுத்துவிடும் விளக்கு இருந்தது. அது கருவியின் மின்கலத்திலிருந்தே மின்சாரம் பெற்றது. 2012இல் பார்ன்ஸ் அண்டு நோபிள் தன் நூக் கருவியில் ஒளியைத் திரைமேலேயே பரப்பிக் காட்டியபோது, அதன் விளம்பரமே உறங்கும் துணையை எழுப்பாமல் படுக்கையில் படிக்கலாம் என்பதுதான். அவ்வாண்டிலேயே கிண்டில் பேப்பர்வைட்டும் வந்தது. திரையின் ஓரத்தில் சில சிறு விளக்குகள். மேலே ஒளியை ஏந்திச் செல்லும் மெல்லிய படலம். அது ஒளியை எழுத்தின்மேல் கீழ்நோக்கி இறக்குகிறது. அங்கிருந்து தெறித்து வருவதே கண்ணை அடைகிறது. என் தந்தையார் அஞ்சலட்டையால் செய்ய முயன்றதும் இதுதான்.

ஒளியின் நிறமும் கருதத்தக்கது. விழித்திரையில் நீல ஒளிக்கு மிகுதியாக வினையாற்றி உடலுக்குப் பகல் எனச் செய்தி அனுப்பும் உயிரணுக்கள் உண்டு என்பது 2002இல் நிறுவப்பட்டது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் 2014 இறுதியில் வெளியிட்ட ஆய்வில் பன்னிருவர் உறங்குமுன் நான்கு மணி நேரம் ஒளிரும் பலகைக் கணினியில் படித்தனர். அச்சு நூல் படித்த இரவுகளைவிட உறக்கம் வர ஏறத்தாழப் பத்து நிமிடம் தாமதித்தது. இதைக் கொண்டு எல்லா மின்னூல் கருவியையும் பழிப்பது பொருந்தாது. அங்கே பயன்பட்டது முழு ஒளியில் எரிந்த பலகைக் கணினி. மின்மைக் கருவி அன்று. 2016இல் கோபோ நிறுவனம் அகல்விளக்கை ஒத்த மஞ்சள் ஒளிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது, பிறரும் பின்பற்றினர். ஐந்நூறு தலைமுறை பழகிய நிறத்துக்கே மீண்டோம் எனலாம்.

தமிழுக்கு இக்கருவி எளிதில் இசையவில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் குவித்தது. ஆயினும் தொடக்கக் கருவிகளில் நம் எழுத்து வெறுங்கட்டங்களாகத் தோன்றிற்று. ஆறு அங்குலத் திரைக்கெனவே பக்கம் அமைத்த கோப்புகளைத் தன்னார்வலர்கள் செய்து தந்தனர். 2016 இறுதியில்தான் அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ் நூல்களை முறையாகச் சேர்த்தது. இன்றும் கவிஞர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. எழுத்தைப் பெரிதாக்கினால் அடி மடிகிறது. வெண்பாவின் நாற்சீரடி மூன்றும் ஒன்றுமாக உடைந்து, ஈற்றடி எது என்பதே தெரியாமற் போகிறது. சந்தி பிரித்ததற்கு வருந்தியோர் இதைக் கண்டால் என்ன சொல்வரோ.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகன் இவ்வகைக் கருவி ஒன்றை வாங்கித் தந்தான். முதல் வாரத்தில், "இனி என்னால் உன் தூக்கம் கெடாது" எனத் துணைவியாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "வெளிச்சத்தால என் தூக்கம் எப்பவும் கெட்டதில்லைங்க. நீங்க தாள் புரட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அது நின்னதும்தான் முழிப்பு வரும், தூங்கிட்டீங்களா, டார்ச்சை அணைச்சீங்களான்னு பார்க்க." நாற்பது ஆண்டு போர்வைக்குள் ஒளித்த ஒளிக்கு இதுதான் தீர்ப்பு. அவ்வாறு விழித்த நேரங்களில் தமக்கும் படிக்கத் தோன்றியதுண்டு என்றும், ஒரு வீட்டில் இரண்டு டார்ச் எதற்கு என்று இருந்துவிட்டதாகவும் பின்னொரு நாள் சொன்னார்.

தெருக்குழாய் நின்று, பிள்ளைகளும் வெளியூர் சென்ற பின் அவருக்கு உறக்கம் குறைந்துவிட்டது. கருவி இப்போது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. எழுத்தை மிகப் பெரிதாக வைத்துக்கொள்கிறார். ஒரு பக்கத்தில் முப்பது சொல்லுக்கு மேல் இராது. நடுநிசிக்குப் பின் கண் விழித்தால், அவர் முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் மஞ்சள் ஒளி படிந்திருக்கும். பக்கம் மாறும்போது திரை ஒரு கணம் கறுத்து வெளுக்கும். தாளின் ஓசை இல்லாததால், அவர் படித்துக்கொண்டிருக்கிறாரா, படித்தபடியே உறங்கிவிட்டாரா என்று அறிய நான் சற்றுத் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.