ஒரே ஆலயம், எத்தனை மெட்டு?

நம் தேவாலயங்களில் எல்லா இனத்தவரின் இசைக்கும் இடம் உண்டா? இதுதான் இன்றைய கலந்துரையாடலின் கேள்வி. உண்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்த இடம் எப்படிக் கிடைத்தது, கிடைத்த பிறகு நாம் எதை விட்டுவிட்டோம் என்பதைப் பினாங்கின் கதையை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்பதித்தார். அதே ஆண்டில் கெடாவிலிருந்து யுரேசியக் கத்தோலிக்கர்களை ஆயர் கார்னோ இங்கே அழைத்து வந்தார். அவர்கள் எழுப்பியது ஃபார்குவார் சாலையின் விண்ணேற்பு அன்னை ஆலயம். தமிழர்களுக்குப் பினாங்கு சாலையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் அமைந்தது. மெக்கலிஸ்டர் சாலையில் சீனர்களின் வியாகுல அன்னை ஆலயம் எழுந்தது. ஒரே ஊர், ஒரே சமயம், ஆனால் இனத்துக்கு ஓர் ஆலயம்.

இருந்தாலும் மூன்றிலும் திருப்பலி ஒரே மொழியில்தான் நடந்தது. அது லத்தீன். 1808-இல் பினாங்குக்கு வந்த காலேஜ் ஜெனரல் குருமடத்தில் ஆசியாவின் பல நாட்டு மாணவர்கள் பயின்றார்கள். அவர்களை இணைத்ததும் லத்தீன்தான். யாருக்கும் தாய்மொழி இல்லை என்பதே அதன் பலம். மக்களுக்குப் புரியவில்லை என்பது அதன் பலவீனம். அவரவர் மொழிப் பாட்டு, பெரும்பாலும் நவநாளிலும் தேர்ப்பவனியிலும்தான் ஒலித்தது.

1963 டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்த இசை மரபு உண்டு, அதற்கு உரிய மதிப்பு தரவேண்டும் என்று அது சொன்னது. அதன்பின் மிருதங்கமும் ஆர்மோனியமும் பீடத்தருகே வந்து அமர்ந்தன.

சீர்திருத்தச் சபைகளில் இந்தக் கதை இன்னும் பழையது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மெட்டுக்குத் தமிழ்ச் சொல் கட்டிப் பாடினார்கள். அது பாமாலை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் இராகத்திலும் தாளத்திலும் பாடல் புனைந்தார். அது கீர்த்தனை. ஆனால் தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் தமிழ்ப் பாட்டை விலக்கப் பார்த்தார்கள். 1820-களின் இறுதியில் சாஸ்திரியார் அதைக் கொடுமை என்றே எழுதினார். மதுரையின் அமெரிக்க மிஷனரி எட்வர்டு வெப் 1853-இல் அந்தப் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். சபைகளில் கீர்த்தனை வேரூன்றியது. இன்று தமிழ் மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் நாம் பாடுகிற கீர்த்தனைக்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சாஸ்திரியார் அடுக்கிய அதே கொடுமைப் பட்டியலில், எல்லாச் சாதியாரையும் ஒரே நற்கருணைப் பந்தியில் சேர்ப்பதும் ஒரு கொடுமையாக இருந்தது! தமிழ்ப் பாட்டுக்காக வாதாடியவரே பக்கத்தில் இருப்பவரோடு சமமாக அமர மறுத்தார். நம் இசையை மீட்பது ஒரு காரியம், அடுத்தவரை ஏற்பது வேறு காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி புக்கிட் மெர்தாஜாமுக்கு வருவோம். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவில் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் என நான்கு மொழிகளும் ஒலிக்கின்றன. அந்த ஆலயம் 2019-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. மெழுகுவர்த்திப் பவனியில் எல்லா இனத்தவரும் ஒன்றாகவே நடக்கிறார்கள். ஆனால் திருப்பலி நேரம் வந்தால் தமிழருக்கு ஒரு வேளை, சீனருக்கு ஒரு வேளை என்று பிரிந்துகொள்கிறோம்.

பன்மொழித் திருப்பலி வைத்தாலும் பெரும்பாலும் பங்கீடுதான். வருகைப்பாடல் ஆங்கிலம், காணிக்கைப்பாடல் தமிழ், நன்றிப்பாடல் சீனம். அவரவர் பாட்டு வரும்போது அவரவர் வாய் திறக்கும், மற்றவர் கைகட்டி நிற்பார்கள். புரியாவிட்டாலும் லத்தீன் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது!

அதற்காக லத்தீனுக்குத் திரும்பச் சொல்லவில்லை. தமிழ்த் திருப்பலியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு அதுவே கடைசிப் பள்ளிக்கூடமாக இருக்கலாம். நான் கேட்பது சிறிய காரியம். சீனப் பாடற்குழு ஒரு கீர்த்தனையைத் தாளத்தோடு கற்கட்டும். நம் பாடற்குழு ஒரு சீனப் பாடலைப் பொருளறிந்து கற்கட்டும். சேர்ந்து ஒத்திகை பார்க்கட்டும். உச்சரிப்பு தடுமாறும், சிரிப்பு வரும். பரவாயில்லை. பாட்டுக்கு இடம் ஒதுக்க ஒரு நிமிடம் போதும், பாட்டைக் கற்றுக்கொள்ள ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். சாஸ்திரியார் காலத்துப் பந்தியில் நடக்க மறுத்தது அதுதான். நம் காலத்தில் அது நடக்கட்டும்.